நிறம் பூண்ட எழுத்துக்கள்

சைவசித்தாந்த சாஸ்திரங்களைத் திண்ணையிலிருந்து முறையாகப் பாடங்கேட்ட யாழ்ப்பாணத்துப் பெரியோர், செவி முதலிய பொறிகள் ஐந்தும் தத்தமக்கு விதிக்கப்பட்ட விஷயத்தை மாத்திரம் பற்றுமேயன்றி ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாது என்பதையும், அவை தனித்தனியே கொணர்ந்தவற்றை ஒருங்கு சேர்த்து இது இன்னதென நிச்சயிப்பது அந்தக்கரணங்களின் தொழில் என்பதையும் தம் மாணாக்கருக்கு ஐயமறப் போதித்து வந்தார்கள். அந்தப் பாகுபாடு நம் அன்றாட அனுபவத்துக்கும் பொருந்துவதாகவே காணப்படுகிறது; நாதஸ்வரத்தைக் கண்ணாற் கேட்பாரும், செவ்வரத்தம்பூவின் சிவப்பைச் செவியாற் காண்பாரும் நம்மிடையே இல்லை என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். ஆயினும், ஓர் எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் அதனோடு பிரிக்கவொண்ணாத ஒரு நிறத்தையும், ஒரு வாத்தியத்தின் நாதம் எழுந்த மாத்திரத்தில் கண்முன்னே விரிந்து மறையும் வர்ணப் பரப்பையும், ஒரு மனிதருடைய பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நாவிலே ஊறும் ஒரு சுவையையும், தமது சித்தத்தின் ஏவுதல் சிறிதுமின்றி, நினைவு தெரிந்த நாள் முதலாக அனுபவித்து வரும் மனிதர் உலகின் பல தேசங்களிலும் உளர். இந்த நிலையை மேல்நாட்டு விஞ்ஞானிகள் சினஸ்தீசியா என்பர். நாம் அதனைப் புலன் கலப்பு என்று வழங்கலாம்.

புலன் கலப்பை ஞாபகத்தோடு சேர்த்து மயங்குதல் ஆகாது. பனங்காயின் வாசம் மூக்கிற் பட்டவுடன் ஆவணி மாதத்து வளவும், பாட்டி சுட்ட பணியாரமும், தாழ்வாரத்திலே நிறைந்திருந்த சிறுவர் கூச்சலும் மனத்தில் எழுவது நம்மில் எவருக்கும் உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மணியோசை கேட்டவுடன் கர்ப்பூர வாசனையை எண்ணிக்கொள்ளாத அடியாரும் இல்லை. அவை யாவும் பழக்கத்தால் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நினைவுகள், நாளடைவில் மாறக்கூடியவை, முயன்றால் விலக்கக்கூடியவை. புலன் கலப்புடையவரோ தம் நிறத்தை நினைத்துக்கொள்வதில்லை, காண்கிறார். ஏழு என்னும் இலக்கம் அவருக்கு மஞ்சளாயின் முப்பது வருஷங்களின் பின்னும் அதே மஞ்சளாகவே இருக்கும். அதுவும் வெறும் மஞ்சளாக அன்றி, எலுமிச்சையினும் சற்று மங்கியது, கோதுமையினும் சற்று ஒளிர்வது என்று அவர் நுணுக்கமாகப் பேதப்படுத்திச் சொல்லத்தக்க ஒரு குறித்த மஞ்சளாக இருக்கும். அவருடைய உடன்பிறந்தவருக்கும் அந்த அனுபவம் வாய்த்திருக்குமாயின், அவருக்கு ஏழு ஊதாவாக இருத்தல் கூடும். இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் முழுத் தவறென்று வாதாடுவதும் உண்டு.

இத்தகையோர் இருக்கிறார்கள் என்ற செய்தி புதிதன்று. 1812ஆம் ஆண்டிலே ஜேர்மனி தேசத்து எர்லாங்கன் சர்வகலாசாலையில் கியோர்க் சாக்ஸ் என்னும் வைத்தியர் இலத்தீன் மொழியிலே சமர்ப்பித்த ஆராய்ச்சி நூல், அவரும் அவருடைய சகோதரியும் பிறவியிலேயே மேனி முழுதும் வெளிறியிருந்தமையை விவரிப்பதற்காக எழுதப்பட்டது. அதனிடையே, எழுத்துக்களும் இலக்கங்களும் இசைச் சுரங்களும் கிழமைகளும் தமக்கு நிறத்தோடு தோன்றுவதை அவர் குறித்துவைத்தார். புலன் கலப்பைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முதலாவது தெளிவான வைத்திய வாக்குமூலம் அதுவே. பின்னர் இங்கிலாந்திலே பிரான்சிஸ் கால்ற்றன் 1880இலும் 1883இலும் இவ்விஷயத்தை எழுதி, இது சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது என்பதையும் கவனித்துரைத்தார். ஆனால், மனிதன் தன் அகத்தைப் பற்றிச் சொல்லும் சாட்சியம் விஞ்ஞானத்துக்கு உதவாது, புறத்தே அளக்கத்தக்க நடத்தை ஒன்றே உதவும் என்ற கொள்கை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உளவியலை ஆட்கொண்டபோது, இந்த ஆராய்ச்சி ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ருஷ்ய தேசத்து அலெக்சாண்டர் லூரியா, கேட்ட எதனையும் மறக்க இயலாத ஷெரெஷெவ்ஸ்கி என்பவரைப் பல்லாண்டுகள் அவதானித்து, குரல்கள் அவருக்கு நிறமும் சுவையும் உடையனவாகத் தோன்றியமையை ஒரு நூலாகவே எழுதியது இடைக்காலத்தின் அரிய விதிவிலக்கு. மற்றையோரெல்லாம் இதனைக் கவிகளின் உபசார வழக்கென்றும், பிள்ளைப் பருவத்து விளையாட்டுப் படங்களின் எச்சமென்றும், போதைப் பொருளின் விளைவென்றும், சிலர் சித்தப்பிரமை என்றுமே தள்ளிவிட்டார்கள்.

பொய்யும் மெய்யும் பிரித்தறிவதற்கு உரிய வழியை இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் சைமன் பாரன்-கோஹென் முதலியோர் எளிமையாகக் கண்டார்கள். நிறங்கண்டதாகச் சொல்பவரிடம் பல சொற்களையும் எழுத்துக்களையும் கொடுத்து ஒவ்வொன்றின் நிறத்தையும் எழுதிக்கொண்டு, நெடுநாட் கழித்து முன்னறிவித்தலின்றி அதே வினாக்களை மறுபடியும் தொடுத்தல் என்பதே அந்த வழி. 1993இல் அவர்கள் வெளியிட்ட ஆய்விலே, புலன் கலப்புடையோர் ஓராண்டின் பின்னும் நூற்றுக்கு 92 வீதம் முன் சொன்னதையே சொன்னார்கள். ஒப்பிடுவதற்காகச் சேர்க்கப்பட்ட ஏனையோர், ஒரே வாரத்தின் பின் கேட்கப்பட்டும் 38 வீதமளவே ஒத்துச் சொன்னார்கள். ஞாபகசக்தியை மாத்திரம் கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. இந்த ஒரு சோதனை நிலைபெற்ற பின்புதான், நிறத்தைக் காண்கிறேன் என்ற மனிதரின் வாக்கு பிரமாணமாக ஏற்கப்படலாயிற்று.

ஆயினும், அவர் நிச்சயமாகக் காண்கிறாரா, அன்றி உறுதியாக எண்ணிக்கொள்கிறாரா என்ற வினா எஞ்சி நின்றது. அதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர் என்பது நமக்கு உவகை தருவது. விளையனூர் சுப்பிரமணியன் இராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டிலே பிறந்தவர். இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவில் அங்கம் வகித்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் பேரர். சென்னை ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, கலிபோர்ணியா சர்வகலாசாலையின் சான் டியேகோ வளாகத்திலே பேராசிரியரானவர். அவரும் அவருடைய மாணவர் எட்வேர்ட் ஹப்பார்டும் 2001இல் வெளியிட்ட சோதனை, வினாவைத் தக்க இடத்திலே பிடித்தது என்பது என் துணிபு. ஒரு திரையிலே கறுப்பு நிறத்தில் ஐந்து என்னும் அராபிய இலக்கத்தைப் பலவாகச் சிதறி, அவற்றிடையே அதன் கண்ணாடிப் பிம்பம் போல அமைந்த இரண்டு என்னும் இலக்கங்கள் சிலவற்றை முக்கோணம் முதலான ஓர் உருவம் அமையுமாறு வைத்தார்கள். சாதாரணக் கண்ணுக்கு எல்லாம் ஒரேவிதமான கறுப்புக் கோடுகள். இரண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்தாலன்றி முக்கோணம் புலப்படாது. ஆனால் ஐந்து பச்சையாகவும் இரண்டு சிவப்பாகவும் தோன்றும் மனிதருக்கு அந்த நிறம் உண்மையான காட்சியாயின், பச்சை வயலிலே சிவப்பு முக்கோணம் தானே எழுந்து நிற்கவேண்டும். புலன் கலப்புடையோர் அந்த மறைந்த உருவத்தை ஏனையோரிலும் மிகுதியாகச் சரியாகக் கண்டறிந்தார்கள். பின்வந்த ஆய்வுகள், எல்லாருக்கும் அது ஒரே அளவில் எழுந்து நிற்பதில்லை என்றும், சிலருக்கு இலக்கத்தின்மீது கவனம் பதிந்த பின்னரே நிறம் பிறக்கிறது என்றும் திருத்தங் கூறியிருப்பினும், நிறம் கற்பனையன்று, காட்சியைச் சார்ந்தது என்ற நிலைப்பாடு அதனாற் குலையவில்லை.

இராமச்சந்திரனும் ஹப்பார்டும் கண்ட வேறொரு மனிதரின் செய்தியை நான் இதனினும் பெரிதாக மதிக்கிறேன். அவர் நிறக்குருடு உடையவர். விழித்திரையிலே நிறத்தைப் பற்றும் கலங்கள் குறைபட்டிருந்தமையால் உலகத்துப் பொருள்களிற் சில நிறங்களை அவர் ஒருபோதும் கண்டதில்லை. ஆனால் இலக்கங்களைப் பார்க்கும்போது, எந்தப் பூவிலும் எந்தச் சீலையிலும் தாம் காணாத நிறங்கள் அவற்றின்மேற் படிந்திருப்பதாக அவர் கூறி, அவற்றுக்குச் செவ்வாய்க்கிரகத்து நிறங்கள் என்று பெயருமிட்டிருந்தார். கண்ணின் வாயிலாக ஒருபோதும் உள்ளே வராத நிறம் அவர் மூளைக்கு எங்கிருந்து வந்தது? நிறத்தை அறியும் நரம்புக்கலங்கள் அவருடைய மூளையிலே பழுதின்றி இருந்தன. விழித்திரையின் குறையால் அவற்றுக்கு வரவேண்டிய தூண்டுதல் வரவில்லை. இலக்கத்தின் உருவமோ வேறொரு பாதையாற் சென்று அதே கலங்களைத் தொட்டுவிட்டது என்பதே ஆய்வாளர் தந்த விளக்கம். நிறம் என்பது பொருளின்கண் உள்ளதா, காண்பவன்கண் உள்ளதா என்று தருக்கநூலார் நெடுங்காலம் வாதித்த விஷயத்துக்கு, பெயர் வெளியிடப்படாத இந்த ஒரு மனிதரின் அனுபவம் எத்தனை கூர்மையான சான்றாக அமைகிறது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகிறது.

அந்த வேறு பாதை எது என்பதே அடுத்த விசாரணை. மூளையின் அடிப்புறத்திலே, கதிர்போல நீண்ட ஒரு மடிப்பு இருக்கிறது. எழுத்துக்களினதும் இலக்கங்களினதும் வடிவத்தை இனங்காணும் பகுதியும், நிறத்தை ஆராயும் பகுதியும் அம்மடிப்பின் அயலிலே பக்கம் பக்கமாக அமைந்துள்ளன. சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த நமது குடாநாட்டிலே, கிணறுகள் வெவ்வேறு வளவுகளில் வெவ்வேறு வாயுடன் வெட்டப்பட்டிருப்பினும், பாறையின் வெடிப்புக்களூடே நிலத்தடிநீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊடாடி, ஓரிடத்திலே கலந்தது மற்றோரிடத்திலே துலாவில் ஏறிவருவது போல, எழுத்தின் பகுதியிலே எழுந்த கிளர்ச்சி அயலிலுள்ள நிறத்தின் பகுதிக்கும் பரவுகிறது என்று இராமச்சந்திரன் கருதினார். பிள்ளைப் பருவத்து மூளையில் மிதமிஞ்சி முளைத்திருக்கும் நரம்பிணைப்புக்கள் வளர வளரக் களையப்படும். அந்தக் களைதல் சிலரிடத்தே குறைவுபட்டால் இத்தகைய இணைப்புக்கள் எஞ்சிநிற்கும் என்பது அவர் கொள்கை. வேறு சிலர், புதிய இணைப்பு எதுவும் வேண்டியதில்லை, எல்லாருடைய மூளையிலும் உள்ள பின்னோக்கிய பாதைகளை அடக்கிவைக்கும் தடை தளர்ந்தாலே போதுமானது என்றார்கள். 2002இலும் 2005இலும் மூளையின் இரத்தவோட்டத்தைக் காட்டும் காந்தப் படப்பொறியைக் கொண்டு செய்த சோதனைகளிலே, சொல்லைக் கேட்டபோதும் கறுப்பு எழுத்தைக் கண்டபோதும் நிறப்பகுதி கிளர்ந்தெழுந்தது காணப்பட்டது. 2007இல் நெதர்லாந்து ஆய்வாளர் ரோவும் ஸ்கோல்ட்டும் அத்தகையோரின் மூளையில் நரம்பிழைத் தொடர்பு மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். ஆனால் 2012இல் பிரான்ஸ் தேசத்து ஹூப்பே குழுவினர் நிறப்பகுதியிலே அத்தகைய கிளர்ச்சியைத் தாம் காணவில்லை என்று எழுதினர். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஓயாதிருப்பது விஞ்ஞானத்துக்கு நன்றே. 2018இல் பல தலைமுறையாகப் புலன் கலப்பு வழங்கிவரும் மூன்று குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், நரம்பிழை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட பரம்பரை அலகுகளிலே அரிய மாற்றங்கள் இருப்பதைக் கண்டமை, கால்ற்றன் சொன்ன குடும்ப வழிக்கு வலுச்சேர்க்கிறது.

இவ்வளவும் சிலருக்கே உரிய விசித்திரம் என்று எண்ணுவோர், தமது நாவையும் செவியையும் சற்றே சோதித்துப் பார்த்தல் வேண்டும். தடிமன் பிடித்த நாட்களில் எத்தனை தூள் போட்டுக் காய்ச்சிய கறியும் சப்பென்றிருப்பதற்கு நாவிலே குறையில்லை. உறைப்பும் உப்பும் புளிப்பும் அப்போதும் நாவுக்குத் தெரியும். நாம் ருசி என்று கொண்டாடுவதிற் பெரும்பங்கு மூக்கின் பின்வாசலாற் சென்ற மணமே, மூளை அதனை நாவின் கணக்கிலே எழுதிவிடுகிறது. பொரித்த உருளைக்கிழங்கைக் கடிக்கும் ஓசையை ஒலிவாங்கியால் வாங்கி, அதன் கூர்மையை மாற்றிச் செவியிலே திருப்பிக் கொடுத்தபோது, ஓசை கூர்ந்த வேளையில் அதே துண்டு அதிக மொறுமொறுப்பானதென்று மாந்தர் தீர்ப்பளித்ததை, 2004இல் சம்பினியும் சார்ள்ஸ் ஸ்பென்ஸும் காட்டினார்கள். இவற்றிலும் ஆழமானது 1976இல் மக்கேர்க், மக்டொனால்ட் என்னும் இருவர் எதிர்பாராமற் கண்ட உண்மை. 'தம்பி' என்னும் சொல்லின் பகரத்தைப் போன்ற ஓசையைச் செவிக்குக் கொடுத்து, 'தங்கை' என்னும் சொல்லின் ககரத்தைப் போன்றதை உச்சரிக்கும் உதடுகளைக் கண்ணுக்குக் காட்டினால், கேட்பவர் இரண்டையும் விட்டு, 'வண்டி' என்னும் சொல்லின் டகரத்தை ஒத்த மூன்றாவது ஓசையைக் கேட்கிறார். கண்ணை மூடினால் பழைய ஓசை திரும்பும். திறந்தால் மறுபடியும் மாறும். இரகசியத்தை அறிந்திருப்பதும் இந்த மயக்கத்தைத் தடுப்பதில்லை. ஆகவே கண் கண்டது செவியின் எல்லைக்குள்ளே எந்நேரமும் புகுந்துகொண்டுதான் இருக்கிறது. நடுமூளையிலே ஒளிக்கும் ஒலிக்கும் ஒருங்கே விடையளிக்கும் நரம்புக்கலங்கள் உள்ளன என்பதையும், இரண்டும் ஓரிடத்திலிருந்து ஒரே வேளையில் வரும்போது அவற்றின் விடை தனித்தனி விடைகளின் கூட்டுத்தொகையையும் மிஞ்சக்கூடும் என்பதையும் ஸ்டைனும் மெரெடித்தும் பூனைகளின் மூளையில் அளந்து காட்டினார்கள்.

எல்லாருக்கும் பொதுவான இக்கலப்பின் மிகவும் அழகிய சான்று தமிழரைச் சாட்சியாகக் கொண்டது. ஜேர்மானிய உளவியலாளர் கேலர் 1929இல் வெளியிட்ட நூலிலே வட்ட வட்டமாக வளைந்த ஓர் உருவத்தையும் கூர் கூராக முனைந்த ஓர் உருவத்தையும் வரைந்து, பொருளற்ற இரு பெயர்களுள் எது எதற்குரியது என்று கேட்டார். இராமச்சந்திரனும் ஹப்பார்டும் அந்தச் சோதனையை 'பூபா', 'கிக்கி' என்னும் இரு பெயர்களைக்கொண்டு புதுப்பித்தபோது, நூற்றுக்கு 95 வீதத்தினர் வளைந்ததைப் பூபா என்றும் முனைந்ததைக் கிக்கி என்றும் கூறினர். தமிழ் பேசுவோரிடத்தும் அவ்விதமே விளைந்தது என்று இராமச்சந்திரன் எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்துக்களிலே அந்தப் பகரம் வயிறு பருத்தும் ககரம் கூர்முனையுடனும் இருப்பதனால் மாந்தர் எழுத்தின் வடிவையே சொன்னார்கள் என்று ஆட்சேபிக்கலாம். தமிழ் எழுத்து அந்த ஆட்சேபத்தை மறுக்கிறது. நமது பகரமோ நேர்கோடுகளால் ஆகி மூலை கூர்ந்து நிற்பது. ஊகாரக் குறி சேரும்போது கீழே ஒரு வளைவு வந்து சேரினும் அதன் உடல் சதுரமே. ககரமோ சுழிந்து வளைவது. இகரம் சேரும்போது மேலும் ஒரு வளைவைச் சுமப்பது. வடிவம் காரணமாயின் தமிழர் மாறிச் சொல்லியிருத்தல் வேண்டும். மேலும், நம் இலக்கணகாரர் ககரத்தையும் பகரத்தையும் ஒருங்கே வல்லினத்துள் அடக்கினராதலின், பள்ளியிற் படித்த இலக்கணமும் இந்தத் தீர்ப்பைக் கற்பித்திராது. உதடுகள் குவிந்து விரியும் அசைவும், நாவின் அடி அண்ணத்திலே சட்டெனத் தாக்கும் அசைவும், அவற்றிலிருந்து பிறக்கும் ஓசையும், கண்ணால் வருடப்படும் வளைவு கூர்மைகளும் மூளையின் ஏதோ ஓர் ஆழத்திலே ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன என்று கொள்ளுதலே நேரிது.

எனினும் இதனையும் அளவறிந்தே கூறவேண்டும். 25 மொழிகளைச் சேர்ந்த 917 பேரிடம் செய்து 2022இல் வெளிவந்த ஆய்விலே இந்த ஒருமைப்பாடு நூற்றுக்கு 72 வீதமளவாகவே நின்றது. மொழிக்கு மொழி ஏற்றத்தாழ்வும் இருந்தது. நமீபியாவின் ஹிம்பா மக்கள் அமெரிக்கரைப் போலவே விடையளித்தனர். நேபாள மலைப்பகுதியின் சியூபா மொழியினரோ அவ்வாறு அளிக்கவில்லை. அந்தப் பெயர்களின் ஓசையமைப்பு அவர்கள் மொழியின் இயல்புக்கு ஒவ்வாதிருந்தமையே காரணம் என்று அதனை ஆராய்ந்தோர் எழுதினர். பிறவியின் சாய்வும் மொழியின் பழக்கமும் இங்கே ஒருங்கே தொழிற்படுகின்றன.

இவ்விடத்திலே இசையைப் பற்றிச் சிறிது சொல்லாமற் கடப்பது தமிழருக்கு இயலாத காரியம். நம் பழைய நிகண்டுகள் ஏழிசையை வகுத்தோதும்போது, அவற்றுக்குப் பால், தேன், நெய், ஏலம், வாழை, மாதுளங்கனி முதலிய சுவைகளையும், முல்லை, கடம்பு, நெய்தல், புன்னை முதலியவற்றின் மணங்களையும் வகுத்துக் கூறுகின்றன. வடநாட்டிலே இராகங்களை உருவும் நிறமும் உடைய ஓவியங்களாகத் தீட்டிய இராகமாலை மரபும் இதற்கு அண்மையதே; யாழ்ப்பாணத்துப் பூர்வீகமுடைய குடும்பத்தின் வழித்தோன்றலாகிய ஆனந்த குமாரசுவாமி, 1916இல் வெளியிட்ட இராஜபுத்திர ஓவியம் பற்றிய பெருநூலின் வாயிலாக அவ்வோவியங்களை உலகறியச் செய்தார். இவற்றைக் கண்டு, நம் முன்னோரெல்லாம் புலன் கலப்புடையோர் என்று சொல்லிவிட எனக்கும் ஆசையே. ஆனால் அது சரியன்று. நிகண்டின் பாகுபாடு கற்றார் அனைவர்க்கும் பொது. மனனஞ் செய்து பெறுவது. புலன் கலப்போ ஒருவருக்கு ஒருவர் வேறுபடுவது, கற்றுப் பெறாதது. தேனைக் கூறிய புலவனுக்கு உண்மையிலேயே நாவில் தேன் ஊறிற்றோ என்று இன்று அறிவதற்கு வழியில்லை. ஓசைக்குச் சுவையை ஒப்புவிக்கும் நாட்டம் மனித மனத்துக்கு இயல்பானது என்பதற்கு மாத்திரம் அந்நூல்கள் சான்றாகும். அதுவே பெரிய சான்று.

இந்த அனுபவமுடையோர் மிக அரியர் என்ற எண்ணமும் இப்போது மாறிவிட்டது. ஜூலியா சிம்னர் முதலியோர் பிரித்தானியாவிலே தாமாக முன்வந்தோரை விடுத்துப் பொதுமக்களை நேரிற் சோதித்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏதேனுமொரு வகைப் புலன் கலப்புடையோர் நூற்றுக்கு 4.4 வீதத்தினர், ஏறக்குறைய இருபத்துமூவருக்கு ஒருவர். அந்த விகிதம் இங்கும் பொருந்துமாயின், நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலே ஒருவரோ இருவரோ இருத்தல் வேண்டும். அத்தகைய பிள்ளை, எல்லாருக்கும் எழுத்து நிறத்தோடுதான் தோன்றும் என்று எண்ணியிருந்து, ஒரு நாள் தற்செயலாக அதனைச் சொல்லி, தோழரின் சிரிப்புக்கும் பெரியோரின் கண்டிப்புக்கும் ஆளாகி, அன்றுதொட்டு வாய்மூடிவிடுவதே பெரும்பாலும் நிகழ்வதென்று வளர்ந்தபின் பேசியோர் பலர் கூறியிருக்கிறார்கள். இது நோயன்று, மருந்து வேண்டுவதும் அன்று, அவர்களிற் பலர் இதனை இழக்க ஒருபோதும் சம்மதிக்கமாட்டார்கள். பெயர்களையும் இலக்கங்களையும் நினைவில் வைப்பதற்கு அது துணைசெய்வதும் உண்டு. பொய் சொல்லுகிறாய் என்று அதட்டப்பட்ட பிள்ளையின் துயரம் ஆசிரியரின் அறியாமையால் விளைவது என்பதனாலேயே இவ்விஷயம் நம் ஆசிரியகலாசாலைகளிற் கற்பிக்கப்படல் வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

எழுத்துக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு விடை கிடைத்துள்ளது. 2013இல் விட்தொஃப்ட், வினவர் என்னும் இருவர், குறித்த சிலரின் எழுத்து நிறங்கள் அவர்கள் சிறுபராயத்தில் விளையாடிய காந்த எழுத்துத் தொகுதி ஒன்றின் நிறங்களோடு ஒத்திருப்பதைக் கண்டனர். புலன் கலப்புடைய ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கரை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 6 வீதத்தினரிடம் அத்தொகுதியின் சுவடு தென்பட்டது. ஆகவே நிறங்காணும் இயல்பு பிறவியோடு வருவதாயினும், எந்த எழுத்துக்கு எந்த நிறம் என்பது கற்கும் பருவத்திலே அமைகிறது. ஆங்கிலம், டச்சு, ஸ்பானியம், ஜப்பானியம், கொரியம் ஆகிய ஐந்து மொழியினரிடத்தும் நெடுங்கணக்கின் முதலெழுத்து சிவப்பாகத் தோன்றும் நாட்டம் மிகுதி என்று 2018இல் வந்த ஆய்வு காட்டுகிறது. ஜப்பானியரிடத்தே, ஒரே ஓசைக்குரிய இரு வேறு வடிவ எழுத்துக்கள் ஒரே நிறம் பெறுவதை 2011இல் அசானோவும் யொக்கொசாவாவும் கண்டார்கள். அங்கே நிறத்தைத் தருவது வடிவமன்று, ஓசையே.

தமிழ் நெடுங்கணக்கோ இவ்வினாவுக்கென்றே அமைத்துவைத்த சாதனம் போல இருக்கிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அவை கூடிய உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துக்களையும், தனித்தனி உருக்களாக அன்றிக் கூறும் கூட்டமுமாக வகுத்தவர் நம் முன்னோர். உயிர் ஒரு நிறமும் மெய் வேறு நிறமும் உடைய பிள்ளைக்கு, இரண்டும் புணர்ந்த உயிர்மெய் எந்நிறமாகும்? மெய்யின் நிறம் மேலோங்குமா, உயிரின் நிறம் அதனை மூடுமா, இரண்டும் கலந்து மூன்றாவது நிறமாகுமா? கொம்பு எழுத்தின் இடப்புறத்தே நிற்க அதன் ஓசை பின்னே ஒலிக்கும் எகர ஏகார உயிர்மெய்களிலே நிறம் கண்ணின் வரிசையைப் பின்பற்றுமா, செவியின் வரிசையையா? விஜயதசமியன்று தட்டிலே பரப்பிய அரிசியின்மேல் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் வரைவித்து ஏடு தொடக்கும் வழக்கமுடைய நம் நாட்டிலே, எழுத்து கண்ணுக்குப் புலனாகுமுன் விரலுக்குப் புலனாகிறது. அதன் சுவடு ஏதும் நிறத்திலே தங்குமா?

இவ்வினாக்களுக்கு விடையை நாம் இங்கேயே தேடலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர், மானிப்பாயில் இருந்துகொண்டு நம் இளைஞருக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் உடற்கூற்றுப் பெருநூலையும் தமிழில் வெளிவரச் செய்தார். மூளையும் நரம்பும் பற்றித் தமிழில் எண்ணுவதற்கு ஏற்ற நிலம் இங்கே ஒன்றரை நூற்றாண்டின் முன்னரே பண்படுத்தப்பட்டாயிற்று. 1978 முதல் யாழ்ப்பாணத்திலே மருத்துவ பீடம் இயங்குகிறது. மருதனார்மடத்திலே இராமநாதன் பெயரால் இசை பயிற்றும் கலாசாலை இருக்கிறது. இந்த ஆராய்ச்சிக்கு விலைமிகுந்த படப்பொறி முதலில் வேண்டியதில்லை. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தீவகத்திலும் சில பாடசாலைகளைத் தெரிந்து, நெடுங்கணக்கு முழுவதையும் கறுப்பு மையில் ஒவ்வொரு சிறு அட்டையாக எழுதி, நூற்றுக்கணக்கான நிறங்களைக்கொண்ட ஒரு பலகையிலே ஒவ்வொன்றுக்கும் உரியதைத் தொடுமாறு பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டு, எதுவும் தோன்றாவிடில் எதுவும் இல்லை என்று சொல்வதே சரியான விடை என்பதையும் முன்கூட்டியே அன்புடன் எடுத்துரைத்து, விடைகளைப் பூட்டிவைத்து, ஓராண்டு சென்றபின் எவருக்கும் அறிவியாது அதே அட்டைகளை வரிசை மாற்றி மறுபடியும் நீட்டினாற் போதும்.